ரிவரில் ரெய்ஸ் வந்தால் எப்படி முடிவெடுப்பது: முழுமையான வழிகாட்டி

நோ லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆட்டத்தில் ஐந்தாவது, கடைசிப் பொதுச்சீட்டான ரிவர் விழுந்துவிட்டது. நீங்கள் பெட் வைக்கிறீர்கள். எதிராளி அதற்கு மேல் ரெய்ஸ் செய்கிறார். அந்த நிலையில் எதை எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை மட்டுமே இந்த வழிகாட்டி விளக்குகிறது. ஆட்டத்தின் விதிகளும் கைகளின் தர வரிசையும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

புதியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதற்குக் கணக்கு தெரியாதது முதன்மைக் காரணம் அல்ல. அவர்கள் கேள்விகளைத் தலைகீழாகக் கேட்கிறார்கள். முதலில் தம் கையைப் பார்த்து 'இவ்வளவு நல்ல கையை எப்படி விடுவது' என்று எண்ணுகிறார்கள், அடுத்து எதிராளியின் முகத்தைப் பார்க்கிறார்கள், விலையைக் கடைசியில் பார்க்கிறார்கள் அல்லது பார்ப்பதே இல்லை. சரியான வரிசையில் விலை முதலில் வரும். எதிராளி இதுவரை ஆடிவந்த வழி, அவரிடம் இருக்கக்கூடிய கைகளின் எண்ணிக்கை, உங்கள் சீட்டுகள் அந்த எண்ணிக்கையில் செய்யும் மாற்றம், எதிராளியின் இயல்பு ஆகியவை அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

1. முன்கூட்டியே கைவசம் இருக்க வேண்டியவை

முதல் தேவை, பாட் எனப்படும் நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில் எத்தனை சிப்கள் உள்ளன என்பதை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மனத்தில் குறித்துவைக்கும் பழக்கம். ரெய்ஸ் வந்த பிறகு பின்னோக்கிக் கூட்டத் தொடங்கினால், பதற்றத்தில் பிழை நேரும். மேசையில் நீங்கள் திணறுவதும் எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது தேவை, சேர்க்கைகளை எண்ணும் அடிப்படை. ஒரு குறிப்பிட்ட ஜோடி, உதாரணமாக இரண்டு எட்டு, 6 வகையில் ஒருவரிடம் வரலாம். அந்த எட்டுகளில் ஒன்று பொதுச்சீட்டாக விழுந்துவிட்டால் 3 வகையே மிஞ்சும். வெவ்வேறு மதிப்புள்ள இரண்டு சீட்டுகள் 16 வகையில் வரலாம். அவற்றில் 4 மட்டுமே ஒரே சின்னத்தில் அமைந்தவை, மற்ற 12 வேறுவேறு சின்னங்கள். இந்த ஐந்து எண்களும் மனப்பாடமாக இருந்தால் போதும்.

மூன்றாவதாக, இருவரிடமும் மீதமுள்ள சிப்களின் அளவு தெரிந்திருக்க வேண்டும். கால் செய்தபின் (எதிராளியின் தொகைக்குச் சமமாக வைத்தபின்) ஆட்டம் முடிகிறதா, உங்களுக்கு மறு ரெய்ஸ் செய்ய இடம் இருக்கிறதா என்பது அதைப் பொறுத்தது.

2. இந்த வழிகாட்டி முழுவதும் பயன்படும் கை

பிளைண்டுகள் (கட்டாயத் தொடக்கப் பந்தயங்கள்) 1 மற்றும் 2. இருவரிடமும் தலா 300 சிப்கள். நீங்கள் பட்டனில் இருக்கிறீர்கள். கையில் டைமண்ட் ஆஸும் ஸ்பேடு ராணியும். 6 என்று ரெய்ஸ் செய்கிறீர்கள், ஸ்மால் பிளைண்ட் விலக, பிக் பிளைண்ட் மட்டும் கால் செய்கிறார். பாட் 13.

ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச்சீட்டுகளில்) ஹார்ட்டின் ராணி, ஹார்ட்டின் எட்டு, கிளாவர் நான்கு. அவர் செக் செய்கிறார் (பந்தயம் வைக்காமல் விடுகிறார்), நீங்கள் 8 வைக்கிறீர்கள், கால் செய்கிறார். பாட் 29. டர்னில் (நான்காவது பொதுச்சீட்டில்) ஸ்பேடு இரண்டு. மறுபடியும் செக், நீங்கள் 20 வைக்க, அவர் கால் செய்கிறார். பாட் 69. ரிவரில் டைமண்ட் ஏழு. அவர் செக் செய்ய, நீங்கள் 40 வைக்கிறீர்கள். அவர் 140 என்று ரெய்ஸ் செய்கிறார்.

3. பெட் வைக்கும் முன்பே பதிலைத் தீர்மானியுங்கள்

முடிவு ரெய்ஸ் வந்த பிறகு தொடங்குவதில்லை. 40 சிப்களை முன்னே தள்ளும் முன்பே 'இதற்கு மேல் ரெய்ஸ் வந்தால் என்ன செய்வேன்' என்ற கேள்விக்குத் தோராயமான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். ஏனெனில், ரெய்ஸைக் கண்ட பிறகு யோசிக்கும் மனம் ஏமாற்றத்தாலும் ஆர்வத்தாலும் ஏற்கெனவே சாய்ந்திருக்கும்.

'ரெய்ஸ் வந்தால் விலக வேண்டிவரும் என்றால் பெட் ஏன் வைக்க வேண்டும்' என்று பலர் கேட்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் ராஜா-ராணி, ராணி-ஜாக்கி, ராணி-பத்து ஆகிய கைகள் உங்கள் 40க்கு கால் செய்யக்கூடியவை. மீதமுள்ள இரண்டு ராணிகளோடு நான்கு ராஜாக்கள், நான்கு ஜாக்கிகள், நான்கு பத்துகள் சேர்ந்தால் அவை மொத்தம் 24 சேர்க்கைகள். அத்தனையும் உங்களுக்குத் தோற்பவை. அவற்றிடமிருந்து 40 சிப்களைப் பெறுவதற்காக பெட் வைத்து, ரெய்ஸ் வந்தால் விலகுவது முரண்பாடு அல்ல. ஒரே திட்டத்தின் இரு பகுதிகள்தான். ரெய்ஸுக்கு அஞ்சி ரிவரில் செக் செய்துகொண்டே இருப்பவர், தவறாக கால் செய்பவரைப் போலவே இழக்கிறார், இழப்பு அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

4. விலையைக் கணக்கிடுங்கள்

அவர் 140 வைத்திருக்கிறார். உங்களுடைய 40 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆகவே கால் செய்ய இன்னும் 100 தேவை. இப்போது பாட்டில் இருப்பது 69, 40, 140 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 249. நீங்கள் கால் செய்தால் மொத்தம் 349 ஆகும். 100ஐ 349ஆல் வகுத்தால் சுமார் 29 சதவீதம். நூறு முறை இதே நிலை வந்தால் அவற்றில் குறைந்தது 29 முறை நீங்கள் வென்றாக வேண்டும். அதற்குக் குறைந்தால் கால் செய்வது நஷ்டம்.

ரெய்ஸின் அளவு மாறினால் இந்த எண்ணும் மாறும். அவர் 80 என்று மிகக் குறைந்த அளவில் ரெய்ஸ் செய்திருந்தால், 40 கொடுத்து 189ஐ வெல்ல முயல்கிறீர்கள், தேவை 17.5 சதவீதம். மீதமுள்ள 266ஐயும் மொத்தமாகத் தள்ளியிருந்தால், 226 கொடுத்து 375ஐ வெல்ல முயல்கிறீர்கள். தேவை கிட்டத்தட்ட 38 சதவீதம். ரெய்ஸ் எவ்வளவு பெரிதானாலும் இந்தத் தேவை 50 சதவீதத்தைத் தொடாது.

இங்கே இரண்டு பிழைகள் வழக்கமாக நேர்கின்றன. ஏற்கெனவே வைத்த 40ஐ இன்னும் தம்முடையதாக எண்ணி, 'அதைக் காப்பாற்ற' கால் செய்வது ஒன்று. அது பாட்டுக்குப் போய்விட்டது. கணக்கில் அது வெல்லக்கூடிய தொகையின் பக்கம் நிற்கிறது. டர்ன் வரை பயன்பட்ட 'இன்னும் எத்தனை சீட்டு வந்தால் கை மேம்படும்' என்ற கணக்கைப் பழக்கத்தால் இங்கும் கொண்டுவருவது மற்றொன்று. ரிவருக்குப் பின் வரப்போகும் சீட்டு எதுவும் இல்லை. உங்கள் கை இப்போதே வென்றிருக்கிறது, அல்லது தோற்றிருக்கிறது, அரிதாகப் பாட் பங்கிடப்படுகிறது.

5. உங்கள் கை எந்த வகை என்று பெயரிடுங்கள்

இப்போதுதான் உங்கள் சீட்டுகளைப் பார்க்க வேண்டும். அதுவும் 'நல்லதா' என்று பார்ப்பதற்காக அல்ல. எதிராளி உண்மையான வலுவோடு ரெய்ஸ் செய்யும் கைகளில் எதையாவது உங்கள் கை வெல்லுமா என்பதே கேள்வி. வெல்லுமானால் அது வலுவான கை. அந்தக் கைகள் அனைத்துக்கும் தோற்று, பிளஃப்களை (வலுவில்லாமல் மிரட்ட வைக்கும் பந்தயங்களை) மட்டும் வெல்லுமானால் அது பிளஃப் பிடிக்கும் கை. பிளஃபையும் வெல்லாதது வெறுங்கை. அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

ஆஸ்-ராணி இங்கே பிளஃப் பிடிக்கும் கை மட்டுமே. புதியவர்களுக்கு ஏற்றுக்கொள்ள மிகக் கடினமான இடம் இதுதான். ஃப்ளாப்பில் மிக உயர்ந்த ஜோடியும் ஆஸ் கிக்கரும் (ஜோடிக்குத் துணையான சீட்டும்) சிறந்த கை. ரிவரில் இந்த ரெய்ஸின் முன்னே அதற்கும் ராஜா-ராணிக்கும் வேறுபாடு ஏதும் இல்லை. இரண்டும் எல்லாப் பிளஃப்களையும் வெல்கின்றன. இரண்டும் இரட்டை ஜோடிக்கும் செட்டுக்கும் (கை ஜோடியோடு பொதுச்சீட்டு சேர்ந்த ஒரே மதிப்பு மூன்றுக்கும்) ஸ்ட்ரெய்ட்டுக்கும் தோற்கின்றன. ஆகவே 'என் கை எவ்வளவு வலுவானது' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'அவரிடம் பிளஃப்கள் எத்தனை' என்ற கேள்விக்கு நகர வேண்டும்.

6. எதிராளி வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள்

அவர் ஒவ்வொரு சுற்றிலும் செய்தது எந்தக் கைகளோடு பொருந்துகிறது, எவற்றோடு பொருந்தவில்லை என்று ஃப்ளாப்புக்கு முன்னிருந்தே வரிசையாகப் பாருங்கள். ரிவர் ரெய்ஸை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தக் கையும் சாத்தியம் போலத் தோன்றும். முந்தைய மூன்று முடிவுகள்தான் பட்டியலைச் சுருக்குகின்றன.

ஃப்ளாப்புக்கு முன் அவர் கால் மட்டுமே செய்தார். ராணி ஜோடியும் ஆஸ்-ராஜாவும் பெரும்பாலோர் மறு ரெய்ஸ் செய்யும் கைகள் என்பதால் அவற்றைத் தள்ளிவிடலாம். ஃப்ளாப்பில் இரண்டு ஹார்ட்டின்கள் இருந்தபோதும் அவர் ரெய்ஸ் செய்யவில்லை. எட்டு செட்டோ நான்கு செட்டோ வைத்திருப்பவர்களில் பலர், ஃப்ளஷுக்குக் காத்திருப்பவர்களுக்கு மலிவாகச் சீட்டுக் காட்டக் கூடாது என்று அங்கேயோ டர்னிலோ ரெய்ஸ் செய்திருப்பார்கள். எனவே அந்த செட்டுகள் பட்டியலில் இருக்கும், ஆனால் முழு எண்ணிக்கையில் அல்ல.

அடுத்து, ரிவர் சீட்டு யாருக்கு உதவியது என்று கேளுங்கள். டைமண்ட் ஏழு, ஆறு-ஐந்து வைத்திருந்தவருக்கு நான்கு முதல் எட்டு வரை ஸ்ட்ரெய்ட்டைக் கொடுத்தது. இந்தப் பலகையில் (பொதுச்சீட்டுகளில்) அதைவிட உயர்ந்த கை இல்லை. எட்டு-ஏழு இரட்டை ஜோடியானது. ஏழு ஜோடி செட்டானது. இரண்டு சுற்று அமைதியாக கால் செய்துவிட்டு ரிவரில் திடீரென எழும் ஒருவரைக் கண்டால், அந்தக் கடைசிச் சீட்டால் மேம்பட்ட கைகளை முதலில் எண்ணுங்கள்.

7. இரு பக்கமும் எண்ணுங்கள்

இதுவே வழிகாட்டியின் மையப் படி. பொறுமையாகச் செய்யுங்கள்.

உங்களை வெல்லும் கைகளை முதலில் எடுப்போம். ஒரே சின்னத்தில் அமைந்த ஆறு-ஐந்து 4. ஒரே சின்னத்தில் அமைந்த ராணி-எட்டு 2. ஏனெனில் ஹார்ட்டின் ராணி பலகையிலும் ஸ்பேடு ராணி உங்களிடமும் இருக்கின்றன. ஒரே சின்னத்தில் அமைந்த எட்டு-ஏழு 2. எட்டு செட் 3, நான்கு செட் 3, ஆக 6. முன்பே ரெய்ஸ் செய்திருப்பார்கள் என்ற காரணத்தால் பாதியாக்கி 3 என்று கொள்வோம். ஏழு செட்டும் 3 சேர்க்கைதான், ஆனால் ராணியும் எட்டும் இருக்கும் பலகையில் ஏழு ஜோடியோடு டர்ன் வரை தாங்கியவர் குறைவு என்பதால் 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12.

இனி பிளஃப் ஆகக்கூடியவை. அவை பெரும்பாலும் ஃப்ளஷுக்காகக் காத்திருந்து கிடைக்காமல் போன, இரண்டும் ஹார்ட்டினாக உள்ள கைகள். ஆஸுடன் பத்து, ஒன்பது, ஆறு, ஐந்து, மூன்று. ராஜாவுடன் ஜாக்கி, பத்து, ஒன்பது. ஜாக்கி-பத்து, ஜாக்கி-ஒன்பது, பத்து-ஒன்பது. மொத்தம் 11. ஏழு, நான்கு, இரண்டு உள்ள ஹார்ட்டின் கைகளுக்கு ஜோடி கிடைத்துவிட்டதால் அவற்றைச் சேர்க்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் செக் செய்து கையைக் காட்டவே விரும்புவார்கள்.

இப்போது விலையோடு சேர்த்துப் பாருங்கள். 12 வலுவான கைகளுக்கு எதிரே 29 சதவீத வெற்றி கிடைக்க வேண்டுமென்றால் சுமார் 5 பிளஃப்கள் தேவை. சாத்தியமான 11இல் 5. அதாவது, தவறிப்போன ஃப்ளஷ் கைகளில் ஏறத்தாழ பாதியை இவர் ரிவரில் செக் செய்து பிறகு ரெய்ஸாக மாற்றுபவரா என்பதே உங்கள் முன் உள்ள ஒரே கேள்வி.

பல புதியவர்கள் 'ஃப்ளஷ் வரவில்லை, ஆகவே இது பிளஃப்' என்று ஒரே தாவலில் முடிவுக்கு வருவது இந்தப் படியை விட்டுவிடுவதால்தான். பிளஃப் செய்யத்தக்க கைகள் இருப்பது ஒன்று. அவற்றை அவர் உண்மையில் பிளஃபாக ஆடுவது வேறு. தவறிய கையை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பேசாமல் விலகிவிடுகிறார்கள்.

விளைவின் அளவையும் பார்த்துவிடுவோம். அவர் 3 கைகளை மட்டும் பிளஃபாக ஆடினால் உங்கள் வெற்றி 20 சதவீதம். ஒவ்வொரு காலுக்கும் சராசரியாக 30 சிப் இழப்பீர்கள். 8 கைகளை ஆடினால் வெற்றி 40 சதவீதம். சராசரியாக 40 சிப் சேரும்.

8. உங்கள் சீட்டுகள் எதை அடைக்கின்றன

உங்கள் கையில் இருக்கும் சீட்டு எதிராளியிடம் இருக்க முடியாது. மேலே உள்ள கணக்கில் டைமண்ட் ஆஸுக்குப் பதிலாக ஹார்ட்டின் ஆஸ் உங்களிடம் இருந்தால், ஆஸோடு சேர்ந்த 5 பிளஃப்களும் மறைந்துவிடும். 6 மட்டுமே மிஞ்சும். தேவையோ இன்னும் 5. அவர் தம்மிடம் சாத்தியமான கிட்டத்தட்ட எல்லாத் தவறிய கைகளையும் பிளஃபாக ஆடினால்தான் நீங்கள் பிழைப்பீர்கள்.

ஹார்ட்டின் ஆஸைக் கையில் வைத்திருப்பது பலருக்கும் தெம்பு தருகிறது. இந்த இடத்தில் அது கால் செய்வதற்கு எதிரான சான்று. தவறிய ஃப்ளஷின் சின்னம் உங்கள் கையில் இல்லாமல் இருப்பதே நல்லது.

ஆனாலும் இந்தப் படியை முடிவின் ஓரத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணிக்கை இரு பக்கமும் சமமாக நிற்கும்போது அது தராசைச் சாய்க்கும். எதிராளி பிளஃப் செய்யவே மாட்டார் என்றால், எந்தச் சீட்டை அடைத்தும் பயனில்லை.

9. எதிரில் இருப்பவரை எடைபோடுங்கள்

பாதியளவு தவறிய கைகளை ரிவரில் செக்-ரெய்ஸ் செய்வதற்குத் துணிவும் பயிற்சியும் வேண்டும். சிறிய தொகை மேசைகளில் அதைச் செய்பவர்கள் குறைவு என்பதே என் உறுதியான கருத்து. ஆகவே எதிராளியைப் பற்றி எதுவும் தெரியாதபோது, ஒற்றை ஜோடியோடு இந்த ரெய்ஸுக்கு விலகுவதையே வழக்கமாகக் கொள்ளுங்கள். கால் செய்வதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

எது காரணமாகும்? இதே வகையான இடத்தில் அவர் வெறுங்கையோடு ரெய்ஸ் செய்து, கை திறக்கப்பட்டதை நீங்கள் கண்டிருக்க வேண்டும். ஃப்ளாப்புக்கு முன் அடிக்கடி ரெய்ஸ் செய்கிறார் என்பது காரணம் ஆகாது. தொடக்கத்தில் துணிச்சலாக இருக்கும் பலர் பாட் பெரிதான பின் அடங்கிவிடுகிறார்கள். புள்ளிவிவர மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ரிவர் ரெய்ஸ் மிக அரிதாக நிகழ்வது, நூற்றுக்கணக்கான கைகள் பதிவாகியிருந்தாலும் அந்த ஒரு கட்டத்தில் இரண்டோ மூன்றோ நிகழ்வுகளே இருக்கும். அதன் சதவீதத்தை நம்பக் கூடாது.

வலுவான, சமநிலையோடு ஆடும் எதிராளி என்றால் நிலைமை மாறும். அவர் 109ஐ வெல்ல 140ஐப் பணயம் வைக்கிறார். அவருடைய பிளஃப் 56 சதவீதத்துக்கு மேல் பலித்தால் எந்த இரண்டு சீட்டோடும் அவர் லாபம் காண்பார். அதைத் தடுக்க, நீங்கள் ரிவரில் பெட் வைக்கும் கைகளில் ஏறத்தாழ 44 சதவீதத்தோடு தாக்குப்பிடிக்க வேண்டும். ஸ்ட்ரெய்ட், செட், இரட்டை ஜோடி ஆகியவற்றை முதலில் வைத்து, மீதி இடத்தை ஹார்ட்டின் இல்லாத ஆஸ்-ராணி போன்ற கைகளால் நிரப்புங்கள். நம் கை அந்தப் பட்டியலில் இடம்பெறும். ஹார்ட்டின் ஆஸ் உள்ள ஆஸ்-ராணி இடம்பெறாது.

10. மறு ரெய்ஸ் செய்யத் தகுந்த கைகள்

வலுவான கை வைத்திருந்தால் கேள்வி வேறு: நீங்கள் மீண்டும் உயர்த்தினால், உங்களுக்குத் தோற்கும் கைகளில் எவை கால் செய்யும்? ஆறு-ஐந்து இங்கே உச்சக் கை என்பதால் யோசிக்காமல் 266ஐயும் தள்ளலாம். எட்டு செட்டோடும் தள்ளலாம். ராணி-எட்டு, எட்டு-ஏழு, சிறிய செட்டுகள் கால் செய்யக்கூடும், வெல்வது ஸ்ட்ரெய்ட் மட்டுமே. நான்கு செட்டோடு கால் செய்து நிறுத்திக்கொள்வது நல்லது. தோற்பவை இரட்டை ஜோடிகள் மட்டும், வெல்பவையோ ஸ்ட்ரெய்ட்டும் இரண்டு பெரிய செட்டுகளும்.

11. மேசையில் அடிக்கடி காணும் பிழைகள்

'என்ன வைத்திருந்தார் என்று பார்த்துவிடலாம்' என்ற ஆவலில் கால் செய்வதுதான் மிகவும் விலை உயர்ந்த பழக்கம். இங்கே அந்தத் தகவலின் விலை 100 சிப். 50 பிக் பிளைண்ட்.

குறைந்தபட்ச ரெய்ஸை அலட்சியமாக எடுத்துக்கொள்வது அடுத்தது. 80 என்ற ரெய்ஸ் மலிவானது என்பது உண்மை. ஆனால் தேவைப்படும் 17.5 சதவீதமும் சும்மா கிடைத்துவிடாது. 12 வலுவான கைகளுக்கு எதிரே இரண்டு மூன்று பிளஃப்களாவது வேண்டும். உங்களை விரட்ட விரும்புபவர் இவ்வளவு சிறிய தொகையைத் தேர்ந்தெடுப்பது அபூர்வம். கால் வாங்க விரும்புபவரே அப்படி வைக்கிறார்.

முன்னொரு கையில் தம்மை ஒருவர் பிளஃப் செய்து காட்டிய கோபத்தில், அன்று முழுவதும் அவருக்கு கால் செய்துகொண்டிருப்பவர்களையும் காணலாம். ஒரு சான்று எண்ணிக்கையைச் சற்று மாற்றலாம். எண்ணுவதையே நிறுத்திவிட அது காரணம் ஆகாது.

12. கணக்கு மாறும் சூழல்கள்

பாட்டில் மூன்றாவது ஆட்டக்காரர் ஒருவர் உங்கள் பெட்டுக்கு கால் செய்த பிறகு ரெய்ஸ் வந்தால், பிளஃப்களின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரை ஒருசேர விரட்ட முயல்பவர்கள் மிகச் சிலரே.

டோர்னமென்டில் பரிசு வரம்பை நெருங்கும் கட்டத்தில், இழக்கும் சிப்களின் மதிப்பு, வெல்லும் சிப்களின் மதிப்பைவிடக் கூடுதல். ஆகவே 29 சதவீதம் என்று கணக்கு சொன்னாலும் அதைவிடத் தெளிவாக அதிகமான வாய்ப்பு இருந்தால் மட்டுமே கால் செய்யுங்கள்.

பந்தய அளவு நிர்ணயிக்கப்பட்ட லிமிட் ஹோல்டெமில் முடிவு பெரும்பாலும் எதிர்த்திசையில் போகும். ரிவரில் பாட் 6 பெட் அளவு இருக்கும்போது நீங்கள் 1 வைத்து, அவர் 2 ஆக்கினால், 1 கொடுத்து 9ஐ வெல்ல முயல்கிறீர்கள்; தேவை 10 சதவீதம் மட்டுமே. அங்கே ஒற்றை ஜோடியோடு விலகுவதற்குத்தான் வலுவான காரணம் வேண்டும். நோ லிமிட்டில் பழகிய விலகலை அங்கே கொண்டுபோவதும், அங்கே பழகிய காலை இங்கே கொண்டுவருவதும் ஒரே அளவு நஷ்டம்.

13. கை முடிந்த பின் பதிவு செய்யுங்கள்

ரிவர் ரெய்ஸ் வந்த ஒவ்வொரு கையையும் எழுதிவையுங்கள்: பலகை, ஒவ்வொரு சுற்றின் தொகை, உங்கள் முடிவு, கை திறக்கப்பட்டிருந்தால் அவர் காட்டியது. அன்றே இரு பக்கச் சேர்க்கைகளையும் நிதானமாக எண்ணிப் பாருங்கள். மேசையில் நேரம் குறைவு. தாளில் பலமுறை எண்ணிய பிறகே அங்கே விரைவாக எண்ண வரும்.

நீங்கள் விலகிய கைகளில் அவர் என்ன வைத்திருந்தார் என்பது பதிவில் இருக்காது. எனவே 'கால் செய்தபோதெல்லாம் தோற்றேன்' என்பதை மட்டும் வைத்து எதிராளியை மதிப்பிடாமல், அதே மேசையில் மற்றவர்கள் அவருக்கு கால் செய்தபோது திறக்கப்பட்ட கைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆடாத கைகளில் கவனம் செலுத்துவதற்கு இதுவே போதிய காரணம்.